தீம் பார்க் போறீங்களா? ராத்திரி தங்கிட்டு வாங்க!

மே மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆறுகளில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கும். மணல் இருக்கும். ஆடு மேயும். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு... எங்கே போனாலும் இதே காட்சிதான். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ம் தேதி திறந்து, அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து நம்ம ஊர் மதகுக்கு வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

''அப்பா, தண்ணில ஆடணும்ப்பா!'' என்று பிள்ளைகள் நச்சரித்தால் என்ன செய்வது? காவிரிக் கரையில் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு வர 300 கிலோமீட்டர் தாண்டி அழைத்துப் போகிறோம். அதற்குப் பெயர்தான் தீம் பார்க்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யும், முட்டுக்காடு எம்.ஜி.எம்.மும் நமக்குப் பழகிப்போன பெயர்கள். வி.ஜி.பி.யில் ஆடாமல் அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றுப்போன அப்பாக்கள் இன்றைக்குத் தாத்தாக்கள்! 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவை உண்டாக்கியவர், 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன். கடைசியாக, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது. கொச்சி, பெங்களூரு என்று போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது ரொம்ப வசதி.

சரி, நம்ம ஊர்க்காரர்கள் எப்படிப் போகிறார்கள்? பெரும்பாலும் ஒரே திட்டம்தான். வேன் பேசுவது. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. விடியற்காலையில் ஏதாவது பெட்ரோல் பங்கில் பல் தேய்ப்பது. பார்க் திறந்ததும் உள்ளே போய், சாயங்காலம் மூடும்வரை காசுக்கு வஞ்சகம் இல்லாமல் ஆடிவிட்டு, அன்று ராத்திரியே ஊர் திரும்புவது.

''ரூம் எதுக்குங்க? ஒரு ராத்திரி கண்ணை மூடிக் கண்ணைத் திறக்கிறதுக்கா அவ்வளவு காசு?''

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்த ஒரு ராத்திரி ரூம் வாடகையை உல்லாசச் செலவில் எழுதாதீர்கள். மருத்துவச் செலவில் எழுதுங்கள். அதுவும் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர், வீசிங் உள்ள குழந்தை என்று யாராவது இருந்தால், கண்டிப்பாக.

டிரைவர் தூங்கினாரா?

முதலில் டிரைவரைப் பார்ப்போம். நாம் பார்க்குக்குள் இருக்கும்போது அவர் எங்கே இருப்பார்? வேனுக்குள். மே மாத வெயிலில், தகர டப்பா மாதிரி கொதிக்கிற வண்டிக்குள், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, சீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியுமா? முந்தின ராத்திரி முழுக்க ஓட்டியவர், அன்று ராத்திரி மறுபடி ஓட்டப்போகிறார்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறினவரின் நிலைக்கு வந்துவிடுகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவே 30 மில்லிகிராம்தான். அதாவது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத டிரைவர், தூக்கம் இல்லாததாலேயே குடித்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். ஊதச் சொல்லும் போலீஸ் மெஷினில் இது காட்டாது!

நடு இரவு தாண்டி விடியும்வரை, அதிலும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். டீ குடித்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வைப்பது, பாட்டை அலறவிடுவது இதெல்லாம் மனச் சமாதானம். டிரைவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறாரா, வண்டி கோட்டை விட்டு ஒதுங்குகிறதா... நிறுத்தச் சொல்லிவிடுங்கள். ''கோவிச்சுக்குவாரோ'' என்ற கூச்சம் வேண்டாம். வேனில் பன்னிரண்டு உயிர் இருக்கிறது.

ரூம் போடும்போது டிரைவருக்கும் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் டிரைவர்களுக்குத் தனி அறை இருக்கிறது. இல்லாவிட்டால் பக்கத்து லாட்ஜில் அவருக்கு ஒரு கட்டில் எடுத்துக் கொடுங்கள். இந்தச் செலவில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரயில் இன்னும் நல்லது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம்மவர்களுக்குப் பிடித்தது உழவன் எக்ஸ்பிரஸ். ராத்திரி தஞ்சாவூரில் ஏறினால் விடிவதற்குள் சென்னை. ஓட்டலிலோ, ''செக்-இன் மத்தியானம்தான் சார்'' என்பார்கள். பன்னிரண்டு மணி, சில இடத்தில் இரண்டு மணி. அதுவரை பாட்டியை எங்கே உட்கார வைப்பது? ரிசப்ஷன் சோபாவிலா? அதனால் பகல் வண்டியை யோசித்துப் பாருங்கள். சோழன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பகலிலேயே போகிறது. செங்கல்பட்டில் இறங்கினால் மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். சாயங்காலம் ரூமுக்குப் போய், குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் படுத்தால், மறுநாள் பார்க் வாசலில் நிற்கும்போது குழந்தைக்கும் எரிச்சல் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. பார்க்கில் பிள்ளைகள் வாங்குகிற அடியில் பாதி, தூக்கம் கெட்ட அப்பா, அம்மா கொடுப்பதுதான்!

எந்த ஓட்டல்?

தஞ்சாவூர் காந்திஜி சாலையில் 'ஓட்டல் தமிழ்நாடு' போர்டைப் பார்த்திருப்பீர்கள். 1971-ல் ஆரம்பித்த தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் அது. இதே கழகத்துக்கு மாமல்லபுரத்தில் கடலோரமாகவே தங்கும் விடுதி இருக்கிறது. அதே கரையில் ராடிசன், நெம்மேலியில் இன்டர்கான்டினென்டல், கோவளத்தில் தாஜ் என்று பெரிய கம்பெனி ஓட்டல்களும் உண்டு. அவற்றின் வாடகையைக் கேட்டால் நமக்கு வேர்க்கும் என்பதும் உண்மை.

நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐபிஸ், நொவோடெல் மாதிரி செயின் ஓட்டல்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளை நம்பி வந்தவை. திங்கள் முதல் வெள்ளிவரை அங்கே டை கட்டியவர்கள் கூட்டம். சனி, ஞாயிறில் அவர்கள் இல்லாததால் பல சமயம் வாடகை இறங்கும். அதே சனி, ஞாயிறில் கடலோர ரிசார்ட்டுகளில் ஏறும். விசாரித்துப் பார்த்து எது லாபமோ அதை எடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. அதைத் தாண்டினால் 18 சதவீதம்.

செயின் ஓட்டல் என்றால் பெயருக்காகப் போவதில்லை. லிஃப்ட் இருக்கும், தீ பிடித்தால் இறங்கத் தனிப் படிக்கட்டு இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கும் ரிசப்ஷனில் ஆள் இருப்பார், அவசரத்துக்கு வரும் டாக்டர் நம்பர் அவரிடம் இருக்கும். குறை சொன்னால் கேட்க மேலே ஒரு ஆபீஸ் இருக்கும். இவ்வளவும் ஒரு சின்ன லாட்ஜிலும் இருந்தால் தாராளமாக அங்கேயே தங்குங்கள்.

போனில் பேசும்போது நீச்சல் குளம் எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் குடும்பத்தில் யார் ரொம்பப் பலவீனமோ அவரை மனதில் வைத்துக் கேளுங்கள். அப்பாயிக்கு முட்டி வலியா? ''பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கா? தரை வழுக்குமா? லிஃப்டுக்குப் பக்கத்து அறை கிடைக்குமா?'' சின்னவனுக்கு வீசிங்கா? ''ஏ.சி. ஃபில்டரைக் கழுவி வைப்பீங்களா? ரூம் ஸ்ப்ரே அடிக்காம விடுவீங்களா?'' தாத்தா இன்சுலின் போடுகிறவரா? ''ரூமில் பிரிட்ஜ் இருக்கா? சாவிக் கார்டை எடுத்தாலும் அது ஓடுமா?''

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சில ஓட்டல்களில் கதவுக்குப் பக்கத்தில் சாவிக் கார்டைச் செருகினால்தான் கரண்ட். வெளியே போகும்போது கார்டை எடுத்தால் பிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். இரண்டு கார்டு கேட்டு வாங்கி ஒன்றை விட்டுவிட்டுப் போகலாம். இன்சுலினை ஐஸ் கட்டும் இடத்தை ஒட்டி வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் அது மறுபடி உருகினாலும் பிரயோஜனம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதோ அதைவிட மோசம்.

பெரிய கோயில் சொல்லும் பாடம்

சித்திரை வெயிலில் மத்தியானம் பெரிய கோயிலுக்குள் போயிருக்கிறீர்களா? நந்தி மண்டபத்தைத் தாண்டினதும் எல்லோரும் ஓட்டமும் நடையுமாக நிழலைத் தேடிப் போவார்கள். கருங்கல் தளம் அப்படிச் சுடும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் நிதானமாக, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், 'ஆஹா, என்ன பக்தி!' என்று நினைக்காதீர்கள். அவருக்குப் பல வருடத்துச் சர்க்கரையாக இருக்கலாம். பாதத்து நரம்பு மரத்துப்போய், சூடு தெரியாமல் நடக்கிறாரோ என்னவோ! ரூமுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் ரூபாய் அளவுக்குக் கொப்புளம்.

தண்ணீர் தீம் பார்க்கும் இதே கதைதான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சறுக்கு மரம் ஏற வேண்டும். ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிமென்ட் பாதை, இரும்புப் படி எல்லாம் வெயிலில் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பிள்ளைகள் துள்ளிக் குதித்து ஓடிவிடுவார்கள். சர்க்கரை உள்ள பெரியவர் பேரனின் துண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். வலி இருந்தால்தானே நகர்வார்? அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போனால், போன வருஷ லீவு எத்தனை வருஷத்துக்கு நினைவிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டை வைத்த ரப்பர் செருப்போ, தண்ணீருக்குள் போடும் துணி ஷூவோ ஒன்று வாங்கிக் கொடுத்து, ''தாத்தா, நீங்க இதைக் கழட்டவே கூடாது'' என்று பேரனை விட்டே சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் கேட்பார்! ராத்திரி ரூமில் கட்டிலில் உட்கார வைத்து இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாதவர் செல்போனில் படம் எடுத்துப் பார்க்கலாம். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள், மஞ்சளும் எண்ணெயும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்ம ஊர்க் கால்களுக்கு இன்னொரு விஷயம். நாற்றங்காலிலும் நடவிலும் நின்று பழகியவர்களுக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு சகஜம். பகல் முழுக்கத் தண்ணீரில் ஊறினால் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து காலே சிவந்து வீங்கலாம். கும்பகோணம் பக்கத்துப் பழைய தலைமுறையில் யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இரண்டு மடங்கு ஆபத்து. இவர்கள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே நல்லது. மற்றவர்கள் ரூமுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஓட்டல் துண்டு எதற்கு இருக்கிறது?

'ஆத்துல நீந்தினவன்டா நான்!'

மாமாக்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கடலோர ஓட்டலில் தங்கினால் காலையில் எழுந்ததும் மாமாவுக்குக் கை பரபரக்கும். ''கொள்ளிடத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தினவன்டா நான்!'' என்று வேட்டியை மடித்துக் கட்டுவார். பின்னாலேயே நாலு பையன்கள்.

ஆறு வேறு, கடல் வேறு. ஆற்றில் தண்ணீர் ஒரு திசையில் போகும். அதோடு போனால் எங்காவது கரை ஒதுங்கலாம். கடலில் அலை கரைக்கு வந்து, அந்தத் தண்ணீர் ஒரு சந்து மாதிரி வழி பிடித்து உள்ளே திரும்பும். அலையே இல்லாத, அமைதியான இடம் மாதிரித் தெரிவதுதான் பல சமயம் அந்த இழுப்பு ஓடும் பாதை. கரையை நோக்கி எதிர்த்து நீந்துகிறவர், எவ்வளவு பலசாலியானாலும் களைத்துப் போவார். மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் மிதக்க வேண்டும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட இடத்தில் கரைக்குத் திரும்ப வேண்டும். இதெல்லாம் சொல்ல எளிது. கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, ஓட்டல் நீச்சல் குளம்? பார்க்கில் ஒவ்வொரு குளத்திலும் விசில் வைத்துக்கொண்டு ஆள் நிற்பார். ஓட்டலில் பல இடத்தில் 'உங்கள் பொறுப்பில் குளியுங்கள்' என்று போர்டு மட்டும்தான் நிற்கும்! குழந்தை மூழ்கும்போது சினிமாவில் வருவது மாதிரி ''காப்பாத்துங்க'' என்று கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் நடந்துவிடும். அப்பா செல்போனில் ஒரு மெசேஜ் படிக்கும் நேரம். குழந்தை தண்ணீரில் இருந்தால் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், போன் இல்லாமல். 'எல்லாரும் பாத்துக்கிட்டோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இந்த அரை மணி அத்தை, அடுத்த அரை மணி சித்தப்பா என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த வாத்து மிதவைகளை நம்ப வேண்டாம், அவை பொம்மைகள்தான்.

மூழ்கியவரை வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இந்த முதலுதவியைக் கற்றுக்கொண்டால் பார்க்குக்கு மட்டுமல்ல, நம்ம ஊர் வாய்க்காலுக்கும் உதவும்.

குளத்தில் 'குப்'பென்று மருந்து வாடை அடித்தால் ரொம்பச் சுத்தம் என்று நினைப்போம். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. குளோரின், வேர்வையோடும் சிறுநீரோடும் கலந்தால்தான் அந்தக் காட்டமான வாடை வரும். கண் எரியும், வீசிங் உள்ள குழந்தைக்கு இருமல் கிளம்பும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் இறக்காதீர்கள். சில கிருமிகள் குளோரின் தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். 'டிக்கெட் வீணாப் போகுதே' என்று இறக்கினால், ஊராருக்கும் கொடுத்துவிட்டு வருவோம். அந்த மாதிரி நேரத்தில்தான் ரூமின் அருமை தெரியும். அம்மாவும் குழந்தையும் ரூமில் இருக்க, மற்றவர்கள் போய்விட்டு வரலாம்.

வெயில்... வெயில்...

சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். 2003-ம் ஆண்டு மே 31-ம் தேதி. அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகு! தஞ்சாவூர் வெயில் பழகினவர்களுக்கு இதென்ன என்று தோன்றும். ஆனால் கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை வழியும், ஆனால் காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வேர்ப்பதே தெரியாது, தாகமும் தெரியாது.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை கூரை உள்ள இடங்களுக்கு ஒதுங்குங்கள். தங்குமிடம் பக்கத்தில் இருந்து, வெளியே போய்த் திரும்பி வர பார்க்கில் அனுமதியும் இருந்தால், தாத்தா பாட்டியை ரூமுக்கே அழைத்துப்போய்ப் படுக்க வைத்துவிடலாம். ஓட்டல் பக்கத்தில் இருப்பதன் முழுப் பலனும் அந்த மூன்று மணி நேரம்தான் என்பேன்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழல், காற்று, உப்புப் போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல். ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்ப மயக்கத்தைத் தாண்டின நிலை. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயமோ சிறுநீரகமோ சரியில்லாததால் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், கிளம்புவதற்கு முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஓ.ஆர்.எஸ். என்றதும் கலர் கலராக அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புத் தண்ணீரை வாங்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவே போட்டது. மருந்துக் கடையில் தூளாகக் கிடைக்கும் பாக்கெட் நாலு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்.

ஒரு கொசுறு யோசனை. அறுவடை முடிந்து கையில் காசு புழங்குவது தை, மாசியில். வெயிலும் அப்போது இதம். பொங்கலை ஒட்டி இரண்டு நாள் கூடுதலாக லீவு எடுக்க முடிந்தால், கோடை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பொங்கல் லீவு நாட்களில் கூட்டம் நெரியும், அதைத் தாண்டின ஒரு புதன், வியாழனாகப் பாருங்கள்.

கட்டுச்சோறும் மற்றதும்

பெரும்பாலான பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை விடுவதில்லை. குழந்தைக்கான உணவு, மருந்து இவற்றை விடுவார்கள். சர்க்கரை உள்ளவர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றால் மயக்கம் வரும். அவர் பையில் நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் வெல்லமும் இருக்கட்டும், டாக்டர் சீட்டையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் காட்டலாம்.

வழிக்கு எடுத்துப்போகும் சாப்பாட்டில் புளியோதரை கெட்டிக்காரி. புளியும் நல்லெண்ணெயும் அவளைக் காப்பாற்றும். வெறும் சோறும் தயிர்சாதமும் அப்படி இல்லை. சோற்றில் உள்ள ஒரு வகைக் கிருமியின் விதை கொதியிலும் சாகாது. சூட்டில் மணிக்கணக்காக மூடி வைத்தால் பெருகி வாந்தி எடுக்க வைக்கும், சுட வைத்தாலும் அந்த விஷம் போகாது. காலையில் கட்டினதை மத்தியானத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நெல் விளைகிற சீமைக்காரர்களுக்குச் சோற்றைக் கொட்ட மனசு வராதுதான். என்ன செய்வது!

ரூமுக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காமல், மெத்தை ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள். மிளகு சிதறினாற்போல் கரும்புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. உடனே வேறு அறை கேளுங்கள். கீசர் தண்ணீரை முதலில் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை நிறுத்துங்கள். பால்கனிக் கதவுத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்து கம்பளி போர்த்திக்கொள்வது ஒரு சுகம்தான். ஆனால் நாளெல்லாம் நனைந்த குழந்தைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு போதும். காதில் தண்ணீர் போயிருந்தால் தலையைச் சாய்த்து வடிய விடுங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள்.

ராட்டினத்தில் ஏறக் கூடாதவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றின் வாசலிலும் எழுதி வைத்திருப்பார்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், முதுகு டிஸ்க் விலகினவர்கள். சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. உயர அளவுகோலில் பிள்ளையைக் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு, பெல்ட் உடம்பில் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. பிள்ளை நழுவினால் யாரைக் கேட்பது?

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், எங்கே தங்கினோம், எந்தத் தண்ணீரில் குளித்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓட்டலைக் காலி செய்யும் காலையில் அவசரப்படாமல் டிபன் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். பாத்ரூமில் தாத்தாவின் பல் செட், கதவுக்குப் பின்னால் நனைந்த துணி, சார்ஜர்... எல்லாம் எடுத்தாச்சா? அந்தக் குட்டி பிரிட்ஜை ஒரு தடவை திறந்து பாருங்கள். இன்சுலின் அங்கேயேதான் இருக்கும்!